இரவு ஒப்பித்தது காலையில் மறந்துபோகிறது: என் மகனுக்கு ஞாபக சக்தி குறைவா?

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

மகனுக்கு 7 வயது 8 மாதம். தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் 2ஆம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் அவ்வாவோடு (பாட்டியோடு) தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். முதல் சொல் வந்ததே இரண்டரை வயதில்தான். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான், தானா சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொன்னதால் காத்திருந்தார்கள். பேச்சு வந்தது. ஆனால் இன்றும் துண்டு துண்டான வாக்கியங்கள்தான். பள்ளியில் நடந்ததைக் கோவையாகச் சொல்ல வருவதில்லை. பொருளின் பெயர் வாயில் வராமல் "அது", "அந்த இது" என்றே சமாளிக்கிறான். இரவு பத்து மணிவரை உட்காரவைத்து ஸ்பெல்லிங் படிக்கவைத்தால் ஒப்பிக்கிறான். காலையில் கேட்டால் விழிக்கிறான். "மாடில காயுற துணில அப்பா சட்டையை மட்டும் எடுத்துட்டு வந்து கட்டில் மேல வை" என்றால் மாடிக்கு ஓடுகிறான், துண்டோடு வந்து நிற்கிறான். அதே பையன், ஒரே ஒருமுறை போன சொந்தக்காரர் வீட்டுக்கு ஒவ்வொரு திருப்பமாக வழி காட்டுகிறான். அப்பாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எந்த டப்பாவில் எந்த நட்டு இருக்கிறது என்று விரல் நீட்டுகிறான். "அப்படின்னா படிப்புல மட்டும் வேணும்னே பண்றானா?" என்பது தாயின் கேள்வி. கோபத்தில் அடித்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பள்ளியில் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும். 2ஆம் வகுப்பையே இன்னொரு வருடம் படிக்க வைக்கலாம். பக்கத்தில் ஒரு நினைவாற்றல் பயிற்சி மையத்தில் சேர்க்கலாம். மையத்தின் கட்டணம் வருடத்துக்கு 24,000 ரூபாய். மெமரி டானிக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் எதைச் செய்வது, எதை விடுவது, பிள்ளைக்கு 'சர்டிஃபிகேட்' வாங்கினால் பெயர் கெட்டுவிடாதா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

'வேணும்னே பண்றானா' என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் வேண்டுமென்றே செய்யவில்லை. இதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வழியும் டப்பாவும் அவனுக்கு மறப்பதில்லை. மறப்பவை எல்லாம் காதால் கேட்டு, சொல்லாகப் பிடித்துவைக்க வேண்டியவை. ஸ்பெல்லிங், நீளமான ஏவல், பொருளின் பெயர், நடந்த கதை என்று நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் மொழி வழியாகவே உள்ளே போக வேண்டியது. ஆகவே "ஞாபக சக்தி குறைவு" என்ற முடிவைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, மொழியில் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேரில் பார்க்காமல் நான் நோயறிதல் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனாலும் தாமதமாக வந்த பேச்சு, அப்பாவுக்கும் அதே வரலாறு, ஏழரை வயதிலும் கோவையாகச் சொல்ல வராமை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், பேச்சு மொழி சிகிச்சையாளர் முதலில் சந்தேகிப்பது வளர்ச்சிசார் மொழிக் குறைபாட்டைத்தான். ஆங்கிலத்தில் டெவலப்மெண்டல் லாங்குவேஜ் டிஸார்டர், சுருக்கமாக டிஎல்டி என்போம்.

இந்தப் பெயர் புதிது, பிரச்சினை பழையது. 2017இல் டோரதி பிஷப் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் கலந்தாலோசித்து இந்தப் பெயரை ஏற்றார்கள். காது கேளாமை, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்ற வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல், மொழியைக் கற்பதிலேயே நீடித்த சிரமம் இருந்து, அது படிப்பையோ மற்றவர்களோடு பழகுவதையோ பாதித்தால் அதுதான் டிஎல்டி. அமெரிக்காவின் அயோவா பகுதியில் 1997இலும் இங்கிலாந்தின் சர்ரேயில் 2016இலும் வெளியான பெரிய கணக்கெடுப்புகள் இரண்டுமே பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளில் சுமார் 7 சதவீதம் என்று காட்டின. 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். அவர்களைப் பெரும்பாலும் நாம் 'மந்தம்', 'கவனம் இல்லை', 'பிடிவாதம்' என்ற பெயர்களில்தான் அறிந்திருக்கிறோம். பிள்ளை பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கும், ஓடியாடும், சிரிக்கும். சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அடி விழுகிறது.

இரண்டு வயதில் பேசாத பிள்ளைகளில் நிறையப் பேர் பிறகு மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவது உண்மை. பெரியவர்கள் சொன்னது அந்த அனுபவத்தில்தான். ஆனால் ஐந்து வயதைத் தாண்டியும் தெளிவாக நீடிக்கும் மொழிச் சிக்கல் தானாக மறைவது அரிது. இனிக் காத்திருக்க வேண்டாம்.

இரவில் இருந்தது காலையில் எங்கே போகிறது?

பேச்சு மொழி சிகிச்சை அறையில் நாங்கள் ஒரு சோதனை செய்வோம். பொருளே இல்லாத ஒரு சொல்லைச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வோம். 'டோமு' என்றால் 'டோமு' என்று உடனே வரும். 'டோமுகரி' என்றால் ஒரு கணம் தயங்கி வரும். 'பெடுலாமிசகோ' என்றதும் பிள்ளையின் கண் மேலே போகும், உதடு அசையும், 'பெ... பெமிகோ' என்று வரும். நடுப் பகுதி கரைந்துவிட்டது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதிய ஒலிகளை வந்த வரிசையிலேயே சில விநாடிகள் பிடித்துவைக்கும் நினைவு ஒன்று நமக்கு உண்டு. டிஎல்டி உள்ள பல பிள்ளைகளுக்கு அதன் கொள்ளளவு குறைவு. 1990இல் சூசன் கேதர்கோல், ஆலன் பேட்லி இருவரும் மொழிச் சிக்கலுள்ள 6 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். சுமார் 8 வயதான அந்தப் பிள்ளைகள் இந்தச் சோதனையில் 4 வயதுப் பிள்ளைகளின் அளவில்தான் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அதற்குப் பிறகு பல மொழிகளில் இதே போக்கு திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது.

நமக்குப் புதிதாக வரும் எந்தச் சொல்லும் முதல் தடவை பொருளற்ற ஒலிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். 'பெடுலாமிசகோ'வுக்கும், உங்கள் மகன் முதன்முதலில் கேட்கும் 'ஃபோட்டோசிந்தசிஸ்'ஸுக்கும் அந்த நேரத்தில் வித்தியாசமே இல்லை. ஒலி முழுதாகத் தங்கினால்தானே அதன்மேல் பொருள் ஏறும்? ஒரே தடவையில் மற்ற பிள்ளைகளுக்குத் தங்குவது அவனுக்குப் பல தடவை கேட்ட பிறகுதான் தங்கும்.

ஸ்பெல்லிங் விஷயமும் இதேதான். 'பி-இ-சி-ஏ-யு-எஸ்-இ' என்று பத்து முறை சொல்லவைத்தால், பத்தாவது முறை ஒன்பதாவது முறையின் எதிரொலி. வாயில் ஓட்டம் நிற்கும்வரை அது இருக்கும். 'பிகாஸ்' எதற்கு வருகிறது, எந்த வாக்கியத்தில் உட்காருகிறது என்ற பிடிப்பு இல்லாததால் தூங்கி எழுந்ததும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒப்பித்ததைப் படித்ததாக நாம் எடுத்துக்கொண்டோம். அங்கேதான் பிசகு.

துணி விஷயத்தில் அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். மாடி, துணி, அப்பா, சட்டை, மட்டும், எடுத்துட்டு, கட்டில், மேல் என்று எட்டுத் தகவல்கள் ஒரே மூச்சில். முதல் இரண்டும் தங்கின. மாடிக்குப் போனான், துணி எடுத்தான். மீதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினால் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை, கைக்குக் கிடைத்ததை எடுத்து வருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. தமிழில் 'நான் வந்தேன், அவள் வந்தாள்', 'கடைக்கு, கடையில, கடையிலேருந்து' என்பதையெல்லாம் எந்த வீட்டிலும் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. கேட்டுக் கேட்டுத் தானாகப் படிகிறது. இப்படித் தெரியாமலே விதிகளை உள்வாங்கும் பழக்க நினைவு இந்தப் பிள்ளைகளுக்கு மெதுவாக வேலை செய்கிறது என்று 2005இல் மைக்கேல் அல்மன், எலிசபெத் பியர்பாண்ட் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் அதே விளக்கத்தின் மறுபாதிதான் எனக்கு உங்கள் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. இடம், முகம், நடந்த சம்பவம், பார்த்த பொருள் இவற்றை அறிந்து வைக்கும் நினைவு, மொழியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நன்றாகவே இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை டப்பாக்கள் அந்த நினைவில்தான் இருக்கின்றன. நாம் செய்ய வேண்டிய காரியம், பலவீனமான நினைவைப் பிடித்து வளைப்பது அல்ல. பலமான நினைவின் வழியாக மொழியை உள்ளே கொண்டுபோவது. கீழே நான் சொல்லும் எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

முதலில் காது, பிறகு மொழி

எதற்கும் முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, பியூர் டோன் ஆடியோமெட்ரி என்ற கேட்டல் சோதனை செய்துகொள்ளுங்கள். "கூப்பிட்டா திரும்புறானே" என்பது போதாது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டியிருந்தால் சத்தம் கேட்கும், சொல் தெளிவாகக் கேட்காது. அடுத்தது, பேச்சு மொழி சிகிச்சையாளரின் மதிப்பீடு. தமிழிலும் தெலுங்கிலும் அவன் எப்படிப் பேசுகிறான், எவ்வளவு புரிந்துகொள்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து முடிவு சொன்னால் அந்த அறிக்கையை ஏற்காதீர்கள். ஆங்கிலத்தில் மட்டும் திணறி, தெலுங்கில் சரளமாகக் கதை சொல்லும் பிள்ளைக்கு இருப்பது குறைபாடு அல்ல, பழக்கக் குறைவு. பேசும் எல்லா மொழியிலும் திணறினால்தான் டிஎல்டி பற்றிப் பேச வேண்டும். மனநல உளவியலாளரிடம் அறிவுத்திறன் சோதனை செய்யும்போது, சொல்லை நம்பாத படம், கட்டை, வடிவப் பகுதிகளும் அதில் இருக்க வேண்டும். மொழியை மட்டும் வைத்துச் செய்தால் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் குறைந்த எண் வந்துவிடும்.

சிகிச்சையாளரை நாடும்போது இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். செலவு கவலையாக இருந்தால், 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள். 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கேட்டல், பேச்சு, கற்றல் சிக்கல்களை இலவசமாகப் பார்ப்பது அதன் வேலை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சொற்களை அவன் எப்போதாவது இழந்திருந்தாலோ, திடீரென வெறித்துப் பார்ப்பது, வலிப்பு போன்றவை வந்திருந்தாலோ நாள் கடத்தாமல் குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அது வேறு விஷயம்.

தெலுங்கை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அறிவுரை தவறு. பல மொழி கேட்பதால் டிஎல்டி வருவதில்லை. கனடாவில் ஜொஹான் பாரடிஸ் குழுவினர் 2003இல், மொழிச் சிக்கல் உள்ள சுமார் 7 வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்ந்து பேசி வளர்ந்த பிள்ளைகள், ஒரே மொழி பேசும் அதே சிக்கலுள்ள பிள்ளைகளைவிட இலக்கணத்தில் பின்தங்கியிருக்கவில்லை. இரண்டாவது மொழி கூடுதல் பாரம் ஆகவில்லை.

நிறுத்தினால் என்ன நடக்கும்? அவ்வா பேசுவது குறையும். நீங்களும் சரளமில்லாத ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட், ரைட்" என்று கட்டளையளவில் சுருங்கிவிடுவீர்கள். மொழி வளரத் தேவையானது நீண்ட, நிறைந்த, பாசமான பேச்சு. அது உங்களிடம் எந்த மொழியில் ஊறுகிறதோ அந்த மொழியில் பேசுங்கள். அவ்வா ராத்திரியில் கதை சொல்வாரானால், அது இவனுக்குக் கிடைக்கும் மிக நல்ல மொழிப் பயிற்சி. ஒரே கதையைப் பல நாள் சொல்லச் சொல்லுங்கள். அவனுக்கு அலுக்காது, அவனுக்கு அந்தத் திரும்ப வருதல் தேவை.

பள்ளிப் பாடத்தையும் இப்படியே பிடியுங்கள். ஆவியாதல் பாடம் என்றால், தட்டில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்து, சாயங்காலம் எங்கே போனது என்று தெலுங்கிலோ தமிழிலோ பேசுங்கள். கருத்து உட்கார்ந்த பிறகு 'எவாபரேஷன்' என்ற ஆங்கிலப் பெயரை அதன்மேல் ஒட்டுங்கள். பொருளும் பெயரும் இரண்டுமே புதிதாக ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் நழுவும்.

பயிற்சி மையமும் டானிக்கும்

24,000 ரூபாயைக் கட்டாதீர்கள். கணினியிலோ வகுப்பிலோ எண்களையும் படங்களையும் வரிசையாக நினைவில் வைக்கும் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை மோனிகா மெல்பி-லெர்வாக், சார்ல்ஸ் ஹியூம் இருவரும் 2013இல் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் அந்தப் பயிற்சி விளையாட்டில் தேறுகிறார்கள். படிப்புக்கும் மொழிக்கும் அந்தத் தேர்ச்சி கடந்துவரவில்லை. மையத்தில் நீங்கள் பார்க்கும் மேடை நிகழ்ச்சி, அந்த விளையாட்டில் தேறியதைத்தான் காட்டுகிறது. அதே பணத்தில் பல மாதம் மொழி சிகிச்சைக்குப் போய் வரலாம். டானிக்கைப் பொறுத்தவரை, மொழிச் சிக்கலைத் தீர்க்கும் மருந்து என்று எதுவும் கிடையாது. எது கொடுக்கிறீர்கள் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

டானிக்கைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இரவு பத்து மணி. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் கற்றது நினைவில் உறைவது தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிக்கவைத்தால், எதைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அதையே வெட்டுகிறோம். எட்டரைக்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்

ஏவலை உடையுங்கள். "மாடிக்குப் போய் அப்பா சட்டை எடுத்துட்டு வா." அவ்வளவுதான். வந்த பிறகு "கட்டில் மேல வை." சொல்லிவிட்டு, "என்ன எடுக்கணும்?" என்று அவனையே ஒருமுறை சொல்லவையுங்கள். சொன்ன பிறகு ஐந்தாறு விநாடி பொறுங்கள். பதில் வரத் தாமதமானால் உடனே நாம் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். முதல் கேள்வியை அவன் அப்போதுதான் அலசிக்கொண்டிருப்பான்.

புதுச் சொல்லுக்குப் 'படி படி' என்பதை விட்டுவிட்டு, இடைவெளி விட்டுக் கேளுங்கள். உதாரணமாக 'உறிஞ்சுதல்' என்ற சொல். பஞ்சைத் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள். அவன் கையாலேயே பிழியட்டும். "பஞ்சு தண்ணியை உறிஞ்சுது" என்று சொல்லி, அவனையும் சொல்லவையுங்கள். 'உ-றிஞ்-சு' என்று கைதட்டி அசை பிரியுங்கள். உடனே "பஞ்சு என்ன பண்ணுச்சு?" என்று ஒருமுறை கேளுங்கள். பிறகு வேறு இரண்டு சொல்லுக்குப் போய்விட்டு மறுபடி கேளுங்கள். சாப்பிடும்போது ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை. வராவிட்டால் "உ..." என்று முதல் அசையைக் கொடுங்கள். அதற்கும் வராவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள், முகம் சுளிக்காமல். நினைவிலிருந்து எடுக்கும் முயற்சிதான் சொல்லை உள்ளே நிறுத்துகிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் லெனர்ட் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வுகளில், டிஎல்டி உள்ள மழலையர் வகுப்பு வயதுப் பிள்ளைகள், வெறுமனே திரும்பத் திரும்பக் கேட்ட சொற்களைவிட இப்படி இடைவெளி விட்டு நினைவுகூர்ந்த சொற்களை அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். பத்து வேண்டாம்.

இலக்கணம் தானாகப் படியாத பிள்ளைக்கு அதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் சூசன் எபல்ஸ் என்ற சிகிச்சையாளர், வாக்கியத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வடிவம், ஒரு நிறம் என்று வைத்து, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வளர்த்திருக்கிறார். நம் வீட்டில் மூன்று வண்ண அட்டை போதும். 'யார்?' சிவப்பு, 'யாருக்கு?' நீலம், 'எங்கிருந்து?' பச்சை. "அவ்வா தம்பிக்குக் கடையிலேருந்து முறுக்கு வாங்கினாங்க" என்று சொல்லி, எந்தத் துண்டு எந்த அட்டைக்குப் போகும் என்று அவனோடு சேர்ந்து வையுங்கள். அவன் "தம்பி முறுக்கு வாங்கினாங்க" என்றால் "தப்பு" என்று சொல்ல வேண்டாம். "ஆமா, தம்பிக்கு முறுக்கு வாங்கினாங்க" என்று சரியான வடிவத்தை அழுத்திச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

அப்பாவின் கடையை விடாதீர்கள். அவன் தெரிந்தவனாக நிற்கும் இடம் அது. "இந்த நட்டு எதுக்கு வரும்? எது பெருசு? இது தேஞ்சா என்ன ஆகும்?" என்று அங்கே அப்பா கேட்டால், வீட்டில் வராத வாக்கியம் அங்கே வரும். வாரத்தில் இரண்டு நாள் ட்யூஷனை நிறுத்திவிட்டு அவனைக் கடைக்கு அனுப்பலாம் என்பது என் அபிப்பிராயம். அப்பாவிடமும் மென்மையாகப் பேசுங்கள். சின்ன வயதில் அவரும் இதே பாடுபட்டிருக்கலாம். மொழிச் சிக்கல் குடும்ப வழியாக வருவது உண்டு. அது யாருடைய குற்றமும் அல்ல.

அடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இனி வேண்டாம். பயம் இருக்கும்போது, ஏற்கெனவே குறைவாக இருக்கும் அந்தச் சில விநாடி நினைவும் பயத்துக்கே போய்விடும். முடிந்தால் அவனிடம், "உனக்குச் சொல் ஞாபகம் வைக்கக் கஷ்டமா இருக்குன்னு அம்மாவுக்கு இப்பதான் புரிஞ்சுது" என்று ஒருமுறை சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது முழுதாகப் புரியும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

2ஆம் வகுப்பில் நிறுத்திவைக்கச் சம்மதிக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி (8ஆம் வகுப்பு) முடியும்வரை பிள்ளையை எந்த வகுப்பிலும் நிறுத்திவைக்கவோ பள்ளியைவிட்டு நீக்கவோ கூடாது என்றுதான் வந்தது. 2019இல் வந்த திருத்தமும் 5, 8ஆம் வகுப்புகளில் மட்டும்தான் நிறுத்திவைக்க இடம் தருகிறது. 2ஆம் வகுப்புக்கு அந்த இடம் இல்லை. தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பள்ளி எந்த வகை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு வருடம் நடத்தினால் அவனுக்குக் கிடைப்பது நண்பர்களை இழந்த வருத்தம் மட்டும்தான்.

சர்டிஃபிகேட் விஷயத்தில் அவசரமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் 'பேச்சு மற்றும் மொழி இயலாமை' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து உங்கள் மகனுக்கு அதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதன் விளக்கம் குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பு போன்ற நிரந்தர நிலைகளைச் சொல்கிறது. உங்களுக்குப் பொருந்தக்கூடியது 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகை. பேச்சு வடிவிலோ எழுத்து வடிவிலோ உள்ள மொழியைக் கையாள்வதில் குறை என்றே அதன் விளக்கம் தொடங்குகிறது. டிஎல்டிக்குப் பழைய பெயர்களில் ஒன்றான 'டெவலப்மெண்டல் அஃபேசியா'வும் அந்த வரியிலேயே இருக்கிறது. இந்த வகைக்கான சான்று 8 வயதுக்குப் பிறகுதான். ஆகவே இன்னும் சில மாதம் கழித்து, வாசிப்பிலும் எழுத்திலும் சிரமம் தொடர்ந்தால், அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். சான்று இருந்தால் 17ஆம் பிரிவின்படி தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்றவற்றைக் கேட்க முடியும். எடுத்துவைத்த சான்றை எங்கே, எப்போது காட்டுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. 10ஆம் வகுப்பு நெருங்கும்போது அலைவதைவிட இப்போதே பதிவுகளைச் சேர்த்துவைப்பது நல்லது.

சிகிச்சைக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் சான்று எதுவும் தேவையில்லை. அவற்றை இந்த வாரமே தொடங்கலாம்.

ஆசிரியரிடம் குறை சொல்லும் தொனியில் போகாதீர்கள். மூன்று கோரிக்கைகளோடு போங்கள். முன் வரிசையில் இடம். "நோட்டை எடு, கோடு போடு, தேதி எழுது, 32ஆம் பக்கம் திற" என்பதை ஒவ்வொன்றாகச் சொல்வது, முடிந்தால் பலகையில் சின்னப் படமாகப் போடுவது. வகுப்பின் நடுவில் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்லாமல் இருப்பது. இந்த மூன்றையும் பள்ளி பிடிவாதமாக மறுத்தால், பள்ளி மாற்றுவதை யோசிக்கலாம். வளைந்துகொடுக்காத ஆங்கில வழிப் பள்ளிக்கும், வீட்டருகே உள்ள நல்ல அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் இடையே தேர்வு என்றால், நான் இரண்டாவதன் பக்கம் சாய்வேன். அங்கே 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3ஆம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டு, செயல்பாடு வழியாகக் கற்பிக்கிறார்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உதவியும் கேட்கலாம். ஆனால் இதை மதிப்பீட்டு அறிக்கை கையில் வந்த பிறகு, நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இப்போதைய கோபத்தில் டிசி வாங்கிவிடாதீர்கள்.

டிஎல்டி என்று உறுதியானால், அது சில மாத சிகிச்சையில் மறைந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரியவனான பிறகும் நீளமான பேச்சைப் பின்தொடர்வதில் சிரமம் மிஞ்சலாம். ஆனால் சொல் பெருகும், வாக்கியம் நீளும், கதை கோவையாகும். இப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து தொழில் கற்று, குடும்பம் நடத்துவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிகிச்சையாளரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். ஒரு நாளைக்கு அவன் பேசிய ஐந்து வாக்கியங்கள், அவன் சொன்னபடியே, நீங்கள் திருத்தாமல். எந்த மொழியில், யாரிடம் சொன்னான் என்பதையும் எழுதுங்கள். அவ்வாவிடம் பேசியதை அவ்வாவே கவனித்துச் சொல்லட்டும். பள்ளி நோட்டு இரண்டு, கேட்டல் சோதனை அறிக்கை, முதல் சொல், முதல் வாக்கியம் வந்த மாதம் ஆகியவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். முதல் சந்திப்புக்கு உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்.